98.6 இல் அந்தத் தசமம் எங்கிருந்து வந்தது?

போன வருடம் மாரி தொடங்கின நேரம் என் அறைத்தோழிக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் பக்கத்து அறை அக்காவிடம் கண்ணாடி வெப்பமானி ஒன்றை வாங்கி அளந்தோம். 101. பின்னேரம் 101.4. அந்த அக்கா சனிக்கிழமை வீட்டுக்குப் போகேக்க வெப்பமானியையும் கொண்டு போய்விட்டார். நான் சந்திப் பார்மசியில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிக்கொண்டு வந்தேன். அது 38.9 என்று காட்டியது.

கிளிநொச்சியில் இருந்து அவளின் அம்மா அழைப்பு எடுத்தார்.

"இப்ப எத்தினை பிள்ளை?"

"38.9 அன்ரி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது என்ன கணக்கு? நூறுக்கு மேலயோ கீழயோ?"

நான் கலைப்பீடம். சாதாரணதரத்தோடு விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துபோனது. ஆனாலும் ஒரு கணக்கு மட்டும் மறக்கவில்லை. செல்சியஸை இரட்டிப்பாக்கு, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழி, 32ஐக் கூட்டு. 77.8. அதில் 7.78 போனால் 70 சொச்சம். 32ஐக் கூட்டினால் 102.

"102 அன்ரி."

"ஐயோ, உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ!"

அதே உடம்பு, அதே காய்ச்சல். 38.9 என்றபோது அந்த அம்மாவுக்கு எதுவுமே விளங்கவில்லை. 102 என்றதும் நெஞ்சு பதறிவிட்டது. நாங்கள் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வெயிலைப் பற்றிக் கதைக்கும்போது 34, 35 என்று செல்சியஸில் கதைக்கிறோம். காய்ச்சல் என்றால் மட்டும் 100, 101 என்று பரனைற்றுக்குத் தாவிவிடுகிறோம். வெளியில் இருக்கிற சூட்டுக்கு ஒரு மொழி, உடம்புக்குள் இருக்கிற சூட்டுக்கு இன்னொரு மொழி.

தோழியின் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்த இரவு வார்ட்டுக்கு வெளியே வாங்கிலில் இருந்தபோது எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். ஏன் 32? பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணைச் சூத்திரத்தோடு பாடமாக்கினோம். அது யார் போட்ட எண் என்று எந்த ரீச்சரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

---

அந்த எண்ணைப் போட்டவர் டானியல் கப்ரியேல் பரனைற். 1686 இல், இன்று போலந்தில் இருக்கிற டான்சிக் துறைமுக நகரத்தில், ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1701 ஓகஸ்ட் 14ஆம் திகதி தாயும் தகப்பனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். நச்சுக் காளான் சாப்பிட்டதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. பதினைந்து வயதுப் பெடியனை வியாபாரம் பழகச் சொல்லிப் பாதுகாவலர்கள் அம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். பெடியனுக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. கண்ணாடிக் குழாய்களும் கருவிகளும் செய்கிற இடங்களில்தான் மனம் போய் நின்றது. கடன்பட்டான், ஊர் ஊராகத் திரிந்தான். பொறுமை இழந்த பாதுகாவலர்கள் அவனைப் பிடித்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் ஏற்றிக் கீழைத் தேசத்துக்கு அனுப்பிவிடுவதற்கு ஆணை பெற்றார்கள்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிற்பாட்டிவிட்டேன். அதே கம்பனிதான் அந்த நேரம் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் வைத்திருந்தது. குழப்படிகாரப் பிள்ளைகளைக் கப்பலேற்றுவது அந்தக் காலத்து ஒல்லாந்துக் குடும்பங்களுக்கு ஒரு வழி. எங்கட கரைக் கோட்டைகளில் காவல் நின்ற சிப்பாய்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்களோ! பரனைற் பிடிபட்டிருந்தால் பத்தேவியாவிலோ காலியிலோ கம்பனிக் கணக்கெழுதி, காய்ச்சலில் செத்துப்போயிருக்கவும் கூடும். அவர் பிடிபடவில்லை. ஓடித்திரிந்த அந்த வருடங்களில்தான், 1708 இல், கொப்பன்ஹேகனில் ஒலே ரோமரைச் சந்தித்தார்.

ரோமர் சாதாரண ஆளில்லை. ஒளி பயணிப்பதற்கு நேரம் எடுக்கிறது என்று 1676 இலேயே வானத்தைப் பார்த்துச் சொன்னவர். வெப்பமானிக்கும் தனக்கென்று ஓர் அளவுத்திட்டம் வைத்திருந்தார். அதில் தண்ணீர் கொதிப்பது 60, பனிக்கட்டி உருகுவது ஏழரை. உடம்பின் இளஞ்சூடு இருபத்திரண்டரை. அரைகளோடு மல்லுக்கட்டுவது பரனைற்றுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். பனிக்கட்டி 30 ஆனது, உடம்பு 90 ஆனது.

பிறகு அதையும் மாற்றினார். 30ஐ 32 ஆக்கினார், 90ஐ 96 ஆக்கினார். 32க்கும் 96க்கும் இடையில் 64 பாகை. கண்ணாடிக் குழாயில் கோடு கீறுகிற ஒரு தொழிலாளியாக யோசித்துப் பாருங்கள். ஒரு நீளத்தை 60 சம பங்காகப் பிரிப்பது தலையிடி. 64 என்றால் சுகம். நடுவில் ஒரு கோடு, ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு கோடு என்று ஆறு தரம் பாதியாக்கினால் 64 வந்துவிடும். நாங்கள் பாடமாக்கிய 32க்குப் பின்னால் இயற்கையின் பெரிய இரகசியம் எதுவும் கிடையாது. ஒரு கைவினைஞன் தன் கைக்கு வசதியாகத் தெரிந்த எண் அது. எனக்கென்றால் அது தெரிந்த பிறகுதான் அந்தச் சூத்திரத்தோடு ஒரு நேசம் வந்தது.

1724 இல் இலண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதியபோது அவர் மூன்று நிலைத்த புள்ளிகளைச் சொன்னார். பனிக்கட்டியும் தண்ணீரும் நவச்சாரமோ கடலுப்போ கலந்த கலவை பூச்சியம். பனிக்கட்டியும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தது 32. சுகதேகியான மனிதனின் வாயிலோ கமக்கட்டிலோ வைத்தால் 96. கவனியுங்கள், தண்ணீர் கொதிக்கிற 212 இதில் இல்லை. அது அவர் அளந்து பார்த்த ஓர் எண்தான், அத்திவாரக் கல் அல்ல. அத்திவாரத்தில் இருந்தது மனித உடம்பு.

அவருடைய பெரிய சாதனை எண்களில்கூட இல்லை. 1714 இல் ஹாலே நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டியன் வொல்ஃபுக்கு அவர் இரண்டு வெப்பமானிகளைக் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. வொல்ஃப் அதிசயப்பட்டு அதைப் பற்றி எழுதினார். இன்றைக்கு எங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் அதற்கு முன்னர் ஒவ்வொரு வெப்பமானியும் தன் பாட்டில் ஓர் உலகம். ஒரு ஊரில் 40 என்றால் அடுத்த ஊரில் அதற்கு அர்த்தமே இல்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதென்றால் முதலில் இரண்டும் தனித்தனியே பொய் சொல்லாமல் இருக்கவேண்டும்.

---

பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் இந்தக் குழப்பம்தான். 1730 இல் பிரான்சில் ரெயோமூர் உறைநிலையைப் பூச்சியம் என்றும் கொதிநிலையை 80 என்றும் வைத்தார். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் டெலீல் என்ற வானியலாளர் தலைகீழாக, கொதிநிலையில் பூச்சியம் வைத்துக் குளிரக் குளிர எண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். 1778 இல் வான் சுவிண்டன் என்ற ஒல்லாந்தர் வெப்பமானிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதவேண்டியிருந்தது.

இந்தக் கூட்டத்துக்குள்தான் 1742 இல் சுவீடனின் உப்சாலாவில் இருந்து ஆண்டர்ஸ் செல்சியஸ் வருகிறார். அவரும் வானியல் பேராசிரியர். பூமி துருவத்தில் தட்டையானதா என்று அளப்பதற்கு 1736 இல் லாப்லாந்துக்குப் போன பிரெஞ்சுப் பயணக்குழுவோடு சேர்ந்து போனவர். அவர் கேட்ட கேள்வி எளியது. பனிக்கட்டி உருகுகிற சூடு எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதானா? தண்ணீர் கொதிக்கிற சூடும் அப்படியா? திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, முதலாவது அசையாது, இரண்டாவது காற்றழுத்தத்தோடு அசையும் என்று காட்டினார். நுவரெலியாவில் கேத்தில் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேலே அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே கொதிநிலையைக் குறிக்கிறவர் அந்த நேரத்துக் காற்றழுத்தத்தையும் சொல்லவேண்டும் என்றார் செல்சியஸ். நூறு பங்காகப் பிரித்தது சின்ன விஷயம். இந்த நிபந்தனைதான் பெரிய விஷயம்.

ஆனால் அவருடைய அளவுத்திட்டத்தைக் கண்டால் எங்களுக்குத் தலை சுற்றும். அதில் தண்ணீர் கொதிப்பது பூச்சியம், உறைவது 100! சுவீடன் குளிர்காலத்தில் மைனஸ் எண்கள் எழுதுகிற தொல்லை வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுகிற காரணம். 1744 இல், 42 வயதில், காசநோயில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உப்சாலாவில் அளவுத்திட்டம் திருப்பிப் போடப்பட்டது. திருப்பியது யார் என்பதில் ஒரு சண்டை இருக்கிறது. செடிகொடிகளுக்குப் பெயர் வைத்த லினேயஸ், செல்சியஸின் இடத்துக்கு வந்த ஸ்ட்ரோமர், கருவி செய்த எக்ஸ்ட்ரோம் என்று பல பெயர்கள். இதற்கிடையில் பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தான் என்பவர் 1743 இலேயே தன் பாட்டில் பூச்சியத்தைக் கீழேயும் நூறை மேலேயும் வைத்துவிட்டார். செல்சியஸ் உயிரோடு இருக்கும்போது செல்சியஸ் என்ற பெயரும் இல்லை. உலகம் நீண்டகாலம் அதைச் சென்டிகிரேட் என்றுதான் சொன்னது. 1948 இல் சர்வதேச அளவை மாநாடுதான் அவருடைய பெயரை உத்தியோகபூர்வமாக்கியது. தான் கீறாத ஒரு வரிசைக்குத் தன் பெயர் வந்திருப்பதைக் கேட்டால் அந்த மனிதன் என்ன சொல்லியிருப்பாரோ.

பரனைற்றின் திட்டத்துக்கும் அதே கதிதான். அவர் 1736 இல் ஹேக் நகரத்தில் இறந்தார். 1777 இல் ஹென்றி கவண்டிஷ் உள்ளிட்ட ரோயல் சொசைட்டிக் குழுவொன்று வெப்பமானிகளை எப்படித் திருத்தமாக அளவிடுவது என்று அறிக்கை கொடுத்தது. 212 என்கிற கொதிநிலை இப்போது நிலைத்த புள்ளி ஆனது. 32க்கும் 212க்கும் இடையில் 180 பாகை. செல்சியஸில் அதே தூரம் 100. நாங்கள் பாடமாக்கிய ஒன்பதின் கீழ் ஐந்து இங்கேயிருந்துதான் வருகிறது. தண்ணீர் உள்ளே வந்ததும் மனித உடம்பு வெளியே போனது. 96 என்ற அந்த அழகான எண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. உடம்பு இனி எங்கே நிற்கிறது என்பதைப் புதிதாக அளந்துதான் சொல்லவேண்டும்.

---

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு விரிவுரையில் மினாரின் வரைபடத்தைக் காட்டினார்கள். 1869 இல், 88 வயதில், ஷார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் கீறியது. 1812 இல் நெப்போலியனின் படை ரஷ்யாவுக்குள் போய்த் திரும்பி வந்த கதை. நீமன் நதியில் 422,000 பேரோடு தடித்த பட்டையாகத் தொடங்கி, மொஸ்கோவில் 100,000 ஆகி, திரும்பி வரும்போது கறுப்பு நூலாக மெலிந்து 10,000 இல் முடிகிறது. அடியில் வெப்பநிலைக் கோடு ஒன்று விழுந்துகொண்டே போகிறது. டிசம்பர் 6ஆம் திகதிக்கு எதிரே 30 பாகை பூச்சியத்துக்குக் கீழே என்று இருந்தது. நானும் கொப்பியில் "மைனஸ் 30" என்று எழுதிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அனுபவத்துக்குப் பிறகு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டின் தலைப்பில் மினார் வடிவாக எழுதியிருக்கிறார், அது ரெயோமூர் பாகை. ரெயோமூரில் 80 என்றால் செல்சியஸில் 100. ஆக நாலில் ஐந்தால் பெருக்கவேண்டும். நவம்பர் 14 இன் மைனஸ் 21, செல்சியஸில் மைனஸ் 26 சொச்சம். டிசம்பர் 6 இன் மைனஸ் 30, மைனஸ் 37.5. வெப்பமானிக்குள் இருக்கிற இரசமே கிட்டத்தட்ட மைனஸ் 39 இல் உறைந்துபோகும். ஏழரைப் பாகை வித்தியாசத்தை என் கொப்பி விழுங்கிவிட்டிருந்தது. சப்பாத்துக் கிழிந்து, சாப்பாடில்லாமல் நடந்த மனிதர்களுடைய ஏழரைப் பாகை அது.

இது என்னுடைய பிழை மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன், இந்தப் படத்தை விளக்குகிற பலரும் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயோமூர் பரவலாகப் பாவனையில் இருந்தது. அந்தக் காலத்துக் கடிதத்திலோ நாட்குறிப்பிலோ "இன்று 20 பாகை" என்று கண்டால் வரலாறு படிக்கிறவர் முதலில் கேட்கவேண்டியது, யாருடைய 20 என்று. ரெயோமூரின் 20 செல்சியஸில் 25. பரனைற்றில் 77.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெயோமூர் தன் குழாய்க்குள் விட்டது மதுசாரம். மதுசாரமும் இரசமும் சூட்டுக்கு ஒரே சீராக விரிவதில்லை. இரண்டு கருவியும் இரண்டு முனையில் ஒத்துப்போனாலும் நடுவில் விலகும். சூத்திரம் அதைக் காட்டாது. பழைய எண்ணைப் பெருக்கிக் கூட்டி எழுதும்போது அந்தக் குழாய்க்குள் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டியிருக்கிறது.

---

மாற்றும்போது இப்படிச் சில தொலைந்துபோகின்றன. இல்லாத ஒன்று வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. என் தலைப்பில் இருக்கிற தசமம் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கார்ல் வுண்டர்லிக் என்ற வைத்தியர் இருந்தார். 1868 இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஏறத்தாழ 25,000 நோயாளிகள், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். அந்தக் காலத்து வெப்பமானி ஏறத்தாழ ஓர் அடி நீளம். கமக்கட்டில் வைத்துக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம் இருக்கவேண்டும். கையடக்கமான சின்ன வெப்பமானியை இங்கிலாந்தில் கிளிஃபர்ட் ஆல்பட் செய்ததே 1860களின் நடுவில்தான். காய்ச்சல் என்பது ஒரு நோய் இல்லை, நோயின் அடையாளம் என்று வைத்தியர்கள் நம்பத் தொடங்கியதிலும், கட்டில் தலைமாட்டில் காய்ச்சல் அட்டை தொங்கத் தொடங்கியதிலும் வுண்டர்லிக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அவர் சொன்ன சராசரி 37 பாகை செல்சியஸ். அது காலையில் குறையும், பின்னேரத்தில் கூடும், வயதோடு மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசப்படும் என்றெல்லாம் அவரே எழுதியிருந்தார். 1871 இல் புத்தகம் ஆங்கிலத்துக்கு வந்தது. பரனைற்றில் காய்ச்சல் பார்க்கிற நாடுகளுக்கு 37 என்ற எண் 98.6 ஆகப் போய்ச் சேர்ந்தது. கணக்கு சரி. 37ஐ 1.8 ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் 98.6 தான், ஒரு பிழையும் இல்லை.

ஆனால் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "முப்பத்தேழு" என்று சொல்கிற ஆள் ஏறத்தாழ முப்பத்தேழு என்கிறார். முப்பத்தாறரைக்கும் முப்பத்தேழரைக்கும் இடையில் எங்கேயோ. அதைப் பரனைற்றில் சொன்னால் 97.7க்கும் 99.5க்கும் இடையில் எங்கேயோ. "தொண்ணூற்றெட்டுத் தசம் ஆறு" என்றாலோ, தொண்ணூற்றெட்டுத் தசம் ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை, ஆறுதான் என்று ஒரு ஆய்கூடமே பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. யாரும் அளக்காத ஒரு நுணுக்கத்தைப் பெருக்கல் தந்துவிட்டது. காய்ச்சலுக்கு எல்லை என்று சொல்லப்படுகிற 100.4 உம் அதே சாதிதான். அது 38 என்ற முழு எண், வேறு உடுப்புப் போட்டு வந்திருக்கிறது.

1992 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் பிலிப் மக்கோவியாக்கும் கூட்டாளிகளும் சுகதேகிகளான 148 பேரை எடுத்து 700 தரம் வாயில் அளந்து பார்த்தார்கள். சராசரி 36.8, அதாவது 98.2. நூற்றிருபது வருடமாகப் புத்தகங்களில் இருந்த 98.6க்கு அவர்களுடைய தரவுகளில் எந்த விசேடமும் இல்லை. வுண்டர்லிக் பாவித்ததாகக் கருதப்படுகிற வெப்பமானி ஒன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருந்தது. அதையும் சோதித்தார்கள். அது இன்றைய வெப்பமானியைவிடக் கூட்டிக் காட்டியது.

அப்போ கிழவனின் கருவிதான் பிழை, கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 2020 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்த படையினரின் பழைய மருத்துவப் பதிவுகளில் தொடங்கி இன்றுவரை ஆறு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிறந்த ஆண்களின் உடம்பு இன்றைய ஆண்களைவிட 0.59 பாகை செல்சியஸ் சூடாக இருந்தது என்றார்கள். கருவி மட்டும்தான் காரணம் என்றால், அந்தப் பழைய பதிவுகளுக்கு உள்ளேயே முன்பு பிறந்தவருக்கும் பின்பு பிறந்தவருக்கும் இடையில் அந்த இறக்கம் தெரியக்கூடாது. தெரிகிறது. காசநோய், ஆறாத புண்கள், சொத்தைப் பற்கள், ஓயாத தொற்றுகளோடு வாழ்ந்த உடம்புகள் உண்மையிலேயே கொஞ்சம் சூடாக இருந்திருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு இந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்கிற தகுதி கிடையாது. வரலாறு படிக்கிற ஆளாக எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான்: ஒரு பழைய எண் பிழையாகத் தெரியும்போது, பிழை கருவியிலா, கணக்கிலா, அல்லது அந்த மனிதர்களே வேறு மாதிரி இருந்தார்களா?

அந்த 0.59ஐ இப்போது பரனைற்றுக்கு மாற்றுங்கள் பார்ப்போம். 32ஐக் கூட்டினீர்களா? கூட்டியிருந்தால் 33 பாகை வித்தியாசம் வந்திருக்கும், அந்தப் படையினர் எல்லோரும் வெந்து போயிருப்பார்கள். சரியான விடை 1.06. ஒரு வெப்பநிலையை மாற்றுவது வேறு, இரண்டு வெப்பநிலைக்கு இடையில் இருக்கிற தூரத்தை மாற்றுவது வேறு. தூரத்துக்கு 32 தேவையில்லை, இரண்டு பக்கமும் இருக்கிற 32 ஒன்றையொன்று வெட்டிவிடும். பூமி 2 பாகை செல்சியஸ் சூடானால் பரனைற்றில் அது 3.6. அதை 35.6 என்று எழுதிவிட்டால் வாசிக்கிறவர் ஒன்றில் பயந்து ஓடுவார், அல்லது இதெல்லாம் சுத்தப் புளுகு என்று பத்திரிகையை மூடி வைப்பார். இரண்டாவது இன்னும் மோசம்.

உப்சாலாவில் 1722 இல் இருந்து வெப்பநிலை எழுதி வருகிறார்கள். அந்த ஆரம்பகாலக் குறிப்புகளில் செல்சியஸின் கையும் இருக்கிறது. முதல் சில பத்தாண்டுகளின் எண்கள் செல்சியஸில் இல்லை, இன்றைக்கு யாரும் பாவிக்காத அளவுத்திட்டங்களில் இருக்கின்றன. ஒன்றரைப் பாகை சூடாகிவிட்டது, இரண்டு பாகை சூடாகப் போகிறது என்று இன்று நாங்கள் கதைக்கிறோம். அவ்வளவு சின்ன தூரத்தைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுச் சொல்வதற்கு யாரோ ஒரு ஆள் அந்தப் பழைய கொப்பிகளோடு இருந்து, எந்த வெப்பமானி, எந்த யன்னல் ஓரம், எந்தத் தேதியில் கருவி மாறியது என்று பார்த்துப் பார்த்து மாற்றியிருக்கிறார். எங்கட பக்கத்தில் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டுகிற வேலையை ஏளனமாகப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

---

தோழிக்கு டெங்கு என்று உறுதியானது. வெளிநோயாளர் பிரிவில் இருந்த டொக்டர், காய்ச்சல் எப்ப தொடங்கினது, எப்ப எவ்வளவு இருந்தது என்று கேட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் உண்மையில் பயப்படவேண்டிய நேரம் என்பதால் அந்தக் கணக்கு முக்கியமாம். நான் பெருமையோடு கொப்பித்தாள் ஒன்றை நீட்டினேன். நேரத்தோடு வடிவாக எழுதி வைத்திருந்தேன்.

101
101.4
38.9
39.1

டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதென்ன, சனிக்கிழமை காய்ச்சல் விட்டதோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அலகை ஒரு இடத்திலும் எழுதவில்லை. பேனையை எடுத்துக் கடைசி இரண்டுக்கும் பக்கத்தில் 102, 102.4 என்று எழுதினார். சூத்திரம் ஒன்றும் போட்டுப் பார்க்கவில்லை, நாளுக்கு நூறு தரம் எழுதிப் பழகின கை.

ஐந்து நாள் வார்ட்டில் இருந்தாள். பிளேற்லெற் இறங்கி, பிறகு ஏறி, வீட்டுக்கு விட்டார்கள். அந்த டிஜிட்டல் வெப்பமானி இப்பவும் எங்கள் அறை மேசையில் இருக்கிறது. பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருப்பதை அவள் திரும்பி வந்த பிறகுதான் கண்டோம். அமத்தினால் பரனைற்றுக்கு மாறும். அவளின் அம்மாவுக்காக அதை இப்போது அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.